62 வயதில் சொந்தக் குரல்: சார்லஸ் பிராட்லியின் முதல் ஆல்பம்

2011 ஜனவரியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து ஓர் ஆல்பம் வெளிவந்தது. பெயர் 'நோ டைம் ஃபார் டிரீமிங்'. கனவு காண நேரமில்லை என்று பொருள். மொத்தம் 12 பாடல்கள். கேட்டவர்களில் பலர் இது 1960களில் பதிவாகி எங்கோ பெட்டியில் கிடந்த பழைய இசைத்தட்டு என்றே நினைத்திருப்பார்கள். ஒலி அப்படி.

பாடியவர் சார்லஸ் பிராட்லி. அப்போது அவருக்கு வயது 62. வாழ்நாளில் அவர் வெளியிட்ட முதல் ஆல்பம் அதுதான். அதுவரை அவர் சமையல்காரராக இருந்தார், கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்தார். இரவு விடுதிகளில் பொய்முடியும் மேலங்கியும் அணிந்து, ஜேம்ஸ் பிரவுன் என்ற புகழ்பெற்ற பாடகரைப் போலவே பாடி ஆடிக் காட்டினார். அந்த மேடைகளில் அவர் பெயர் 'பிளாக் வெல்வெட்'.

இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள, அது எந்த இசையிலிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை அங்குள்ள வணிகர்கள் ஒரு காலத்தில் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத்தட்டுகள் என்று தனியாகப் பிரித்து விற்றார்கள். 1949இல் 'பில்போர்ட்' இதழ் அந்தப் பெயரைக் கைவிட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயரைத் தன் பட்டியலுக்குச் சூட்டியது. புளூஸ் என்பது துயரத்தைச் சொல்லும் பாட்டு. அதோடு ஆட வைக்கும் தாளம் சேர்ந்தால் ரிதம் அண்ட் புளூஸ். இன்று வானொலியில் 'ஆர் அண்ட் பி' என்று வரும் வழுக்கலான காதல் பாட்டுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, ஒலி வேறு.

1950களின் நடுவில் ரே சார்ல்ஸ் போன்றவர்கள் தேவாலயத்தில் பாடும் முறையை இதற்குள் கொண்டு வந்தார்கள். பாடகர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வது. உணர்ச்சி முட்டும்போது சொல்லை விட்டுவிட்டுக் கத்துவது. அழுகையைத் தொண்டையில் அடக்காமல் அப்படியே விடுவது. கடவுளை நோக்கிப் பாடிய அதே குரல் காதலியை நோக்கியும் பாடியது. அதில் பக்தர்கள் சிலருக்குக் கோபமும் வந்தது. இப்படிப் பிறந்ததுதான் 'சோல்'. ஆன்மா என்று பொருள்.

அந்தக் கலையின் பெரிய ஆள்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரவுன். 1962இல் ஹார்லெமில் உள்ள அப்போலோ அரங்கிற்குப் பிராட்லியை அவருடைய அக்காள் அழைத்துப்போனார். அங்கே பிரவுன் பாடுவதைப் பார்த்த அந்தப் பையன் வீட்டுக்கு வந்ததும் அவரைப் போலவே பாடவும் ஆடவும் பழகத் தொடங்கினான்.

ஆனால் வீட்டு நிலைமை மோசம். பிராட்லி 1948இல் புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில் பிறந்தவர். எட்டு வயதுவரை பாட்டியிடம் வளர்ந்தார், பிறகுதான் தாயாருடன் புரூக்ளினுக்கு வந்தார். 14 வயதில் வீட்டைவிட்டு ஓடினார். சுரங்க ரயில் பெட்டிகளில் படுத்து உறங்கினார். பின்னர் அரசாங்கத்தின் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்து சமையல் கற்றார். அங்கே ஒருவர், "நீ பார்ப்பதற்கு ஜேம்ஸ் பிரவுன் மாதிரியே இருக்கிறாயே" என்று சொல்ல, கூச்சத்தை விட்டு ஒரு குழுவோடு மேடையேறினார். அந்தக் குழு நிலைக்கவில்லை. உடன் வாசித்தவர்கள் வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்டார்கள்.

அதன்பின் நியூயார்க் மாநிலத்தில் மனநல மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் சமையல் வேலை. பிறகு அங்கிருந்து புறப்பட்டு, வழியில் வரும் வண்டிகளில் ஏறிக்கொண்டே மேற்குக் கரைவரை போனார். அலாஸ்காவையும் பார்த்தார், கலிபோர்னியாவில் தங்கினார். 1990களின் நடுவில் தாயார் கூப்பிட்டதால் மீண்டும் புரூக்ளின்.

அங்கேதான் பிளாக் வெல்வெட் வேடம். பெரிய பாடகரின் குரலில் பாடிப் பிழைக்கும் கலைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கூட்டம் கைதட்டும், ஆனால் அந்தக் கைதட்டல் வேறொருவருக்கு உரியது. பிராட்லிக்கும் அப்படித்தான் காலம் ஓடியது.

டாப்டோன் என்ற சிறிய இசை நிறுவனத்தை நடத்திவந்த கேப்ரியல் ரோத் அவரை ஒரு விடுதியில் பார்த்தார். கணினியின் துணையால் எல்லாவற்றையும் சீராக்கும் காலத்தில், காந்த நாடாவில் பதிவு செய்வதையே பிடிவாதமாக வைத்திருந்த நிறுவனம் அது. சிறைக் காவலராக வேலை பார்த்த ஷாரன் ஜோன்ஸை முன்னணிப் பாடகியாக்கியதும் அதே இடம்தான். ஏமி வைன்ஹவுஸின் புகழ்பெற்ற 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் பல பாடல்களுக்கு வாசித்ததும் இங்குள்ள இசைக்கலைஞர்களே. ரோத் பிராட்லியைத் தாமஸ் பிரென்னெக் என்ற இளம் கித்தார் கலைஞரிடம் அறிமுகப்படுத்தினார்.

பிரென்னெக் செய்த காரியம் எளிமையானது. ஜேம்ஸ் பிரவுனை விட்டுவிட்டு உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றார். தம்முடைய 'மெனாஹான் ஸ்ட்ரீட் பேண்ட்' குழு வாசித்து வைத்திருந்த இசையைப் போட்டுக் காட்ட, பிராட்லி அதன்மேல் தம் வாழ்க்கையைப் பேசினார். பேச்சு பாட்டானது.

ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'ஹார்ட்டேக்ஸ் அண்ட் பெயின்'. பிராட்லியின் அண்ணன் ஜோசப் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது உறவுக்காரப் பையன்தான். அந்தக் காலைப்பொழுதை, தெருவில் கேட்ட சத்தத்தை, ஓடிப்போய்ப் பார்த்ததை அப்படியே பாடியிருக்கிறார். அலங்காரமான சொல் ஒன்றுகூட இல்லை. 'வை இஸ் இட் சோ ஹார்ட்' பாடலில், ஊர் ஊராக அலைந்து உழைத்தும் இந்த நாட்டில் ஏன் முன்னேற முடியவில்லை என்று கேட்கிறார். பொதுவாகச் சொல்லும் புலம்பல் அல்ல அது. பிறந்த ஊரிலிருந்து தொடங்கித் தம் கணக்கையே எடுத்து வைக்கிறார். காதல் பாடல்கள் சில சாதாரணமானவைதான். அவற்றைத் தாங்கிப் பிடிப்பது குரல்.

இசையமைப்பும் கவனிக்கத்தக்கது. நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் டிரம் அழுத்தி விழுகிறது. இதுதான் பழைய சோல் இசையின் நடை. கித்தார் சிறு வெட்டாக வந்து ஒதுங்கிவிடுகிறது. ஊதுகருவிகள் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் பதில் சொல்கின்றன. யாரும் பாடகரை மறைக்கவில்லை. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பிராட்லி ஒரு கத்தல் கத்துவார். ஜேம்ஸ் பிரவுனிடம் கற்றதுதான். ஆனால் பிரவுனின் கத்தல் மேடையை ஆளுகிறவனின் கத்தல்; இது அடிபட்டவனின் கத்தல்.

இப்படிப்பட்ட ஆல்பங்களைப் பழமையின் நகல் என்று சொல்வோர் உண்டு. பலவற்றுக்கு அது பொருந்தவும் செய்யும். பழைய கருவி, பழைய சட்டை, உள்ளே ஒன்றுமிருக்காது. பிராட்லியிடம் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அவர் அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகவில்லை, அந்தக் காலத்திலிருந்தே வருகிறார். அவருடைய முறைதான் ஐம்பது ஆண்டு தாமதமாக வந்தது.

2012இல் அவரைப் பற்றி 'சோல் ஆஃப் அமெரிக்கா' என்ற ஆவணப்படம் வந்தது. அறுபது வயது கடந்த அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் காட்சிகள் அதில் உள்ளன. இவ்வளவு பாடல்களையும் காகிதத்தின் துணையில்லாமலே உருவாக்கினார் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அதன்பின் 2013இலும் 2016இலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன, வெளிநாட்டு மேடைகளும் கிடைத்தன. பாடி முடித்ததும் கீழே இறங்கிக் கூட்டத்தில் இருப்பவர்களைக் கட்டித் தழுவுவது அவர் வழக்கம். 2016இல் வயிற்றில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்குப்பின் மீண்டும் மேடையேறினார், நோயும் திரும்பி வந்தது. 2017 செப்டம்பர் 23இல், 68 வயதில் காலமானார்.

மறு ஆண்டு, மீதமிருந்த பதிவுகளைச் சேர்த்து நண்பர்கள் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதற்கு அவருடைய பழைய வேடப் பெயரையே வைத்தார்கள்: 'பிளாக் வெல்வெட்'. அதே பெயரில் உள்ள பாடலில் குரல் இல்லை. குழு வாசித்து வைத்திருந்தது. பாட வரும் அளவுக்கு அவருக்கு உடம்பில் தெம்பில்லை. இசையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.