மூல ஆவணமே முதல் சான்று

பிரிட்டன் விசா விதிகளை மாற்றிவிட்டதாக ஒரு வாட்ஸ்அப் தகவல் வந்தால், நம்மில் எத்தனை பேர் மூல ஆவணத்தைத் தேடுகிறோம்? பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பும் பெற்றோருக்கு இது வெறும் அரசியல் ஆர்வமன்று.

பிரிட்டனுக்கு ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் கிடையாது. சட்டங்கள், தீர்ப்புகள், மரபுகள் எனப் பலவற்றில் அது பரவிக் கிடக்கிறது. ஆயினும், தேவையானவற்றில் பெரும்பகுதி கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கிறது.

குடியேற்ற விதிகளை ‘கவ் டாட் யுகே’ என்னும் அரசுத் தளத்திலேயே படிக்கலாம். சட்டங்களுக்கெனத் தனித் தளம் உண்டு. 1267-ஆம் ஆண்டுச் சட்டம்கூட அதில் இருக்கிறது. நாடாளுமன்ற விவாதங்களுக்கு ‘ஹன்சார்ட்’. 1947 ஜூலையில் இந்திய விடுதலை மசோதா மீது நடந்த விவாதத்தையும் அதில் காணலாம். மசோதாக்களின் பின்னணியை அறிய, கீழவை நூலகத்தின் கட்சி சார்பற்ற ஆய்வுக் குறிப்புகளையே நான் பரிந்துரைப்பேன். உறுப்பினர்கள் வாக்களித்த விதத்தை ‘தே ஒர்க் ஃபார் யூ’ தளம் காட்டும்.

இவற்றில் கிடைக்காததைக் கேட்டுப் பெறவும் வழியுண்டு. 2005 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 20 வேலை நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: அமைச்சர் ஒன்றைச் சொன்னார் என்பதற்கே ஹன்சார்ட் சான்று, அவர் சொன்னது உண்மை என்பதற்கு அன்று. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு வாசகருடையது.