ரத்தமும் சளியும் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

காய்ச்சல் விடவில்லை என்று டெஸ்ட் எடுக்கிறோம். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வந்ததும் வீடே நிம்மதி அடைகிறது. ஆனால் ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி, மாதிரி மெஷினுக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. அதில் நம் கையில் இருப்பதும் கொஞ்சமல்ல.

முதலில் பெயர். நம் குடும்பங்களில் ஒரே வார்டில் இரண்டு ஃபாத்திமா பீவி, மூன்று முஹம்மது இருப்பது சாதாரணம். போதாக்குறைக்கு ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், ஓ.பி. சீட்டில் இன்னொன்று. குழாய் மாறினால் ஒருவரின் நோய்க்கு இன்னொருவர் மருந்து சாப்பிட நேரும். எனவே "நீங்கதானே ஃபாத்திமா?" என்று கேட்டால் தலையாட்டாமல், முழுப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது ஆகியவற்றை நாமே சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்ததும் நம் கண் முன்னாலேயே குழாயில் லேபிள் ஒட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்து காசநோய்க்கான சளிப் பரிசோதனை. பலர் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கிருமியைத் தேட வேண்டியது நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுக்கும் கெட்டியான சளியில். எச்சிலைச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அவர் மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருப்பார், அதே அறையில் பேரப்பிள்ளைகள் தூங்குவார்கள். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, பிறகு பலமாக இரும வேண்டும். நோன்பு நாளென்றால் ஸஹருக்கு எழுந்தவுடன், சாப்பிடும் முன் எடுத்துவிடலாம். அறைக்குள்ளோ கழிவறையிலோ வேண்டாம். மொட்டை மாடி போன்ற திறந்த இடம், அருகில் யாரும் இல்லாமல். மூடியை இறுக்கி மூட வேண்டும். கசிந்தால் சுமந்து செல்பவருக்கும் ஆய்வக ஊழியருக்கும் ஆபத்து. அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசம்.

டெங்குவில் நாள் கணக்கு முக்கியம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் என்.எஸ்.1 பரிசோதனை உதவும், ஐ.ஜி.எம். ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகே தெரியத் தொடங்கும். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி இருந்துவிட முடியாது. காய்ச்சல் தொடங்கிய தேதியை டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

டைஃபாய்டு போன்ற காய்ச்சல்களுக்கு எடுக்கும் பிளட் கல்ச்சரைக் கெடுப்பது பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்தான். மருந்து உள்ளே போனபின் எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கே 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுப்பார்கள். "இவ்வளவா?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால்தான் அந்த அளவு.

ஊசி புதிய உறையிலிருந்து பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். குழந்தைக்கு எடுக்கும்போது கையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது உதறினால் ஊசி எடுப்பவர் கையிலேயே குத்திவிடும்.