வன்தட்டு வாங்குமுன்

மேசைக் கணினியினுள் 'டக் டக்' என்று ஒலி கேட்கின், வன்தட்டின் இறுதிக்காலம் நெருங்கிற்று என்றே பெரும்பாலும் கொள்ளலாம். எங்கள் பள்ளிக் கணினியில் சென்ற ஆண்டு அவ்வொலி எழுந்தது. அதனுள் பதினோராண்டு மாணவர் பதிவேடு இருந்தது. இந்நிலையில் முதல் வேலை புதியது வாங்குவதன்று, உள்ளதைப் படியெடுத்தலேயாம்.

வாங்குவோர் பலரும் கொள்ளளவையே நோக்குவர். பெட்டியில் ஒரு தெராபைட் என்றிருப்பதை விண்டோஸ் 931 கிகாபைட் என்று காட்டும். கடைக்காரரை ஐயுற வேண்டா. இஃது 1000-ஆல் கணக்கிடுவதற்கும் 1024-ஆல் கணக்கிடுவதற்கும் உள்ள வேறுபாடே. 3.5 அங்குல அளவும் சாட்டா இணைப்பும் இருந்தால் பெரும்பாலான மேசைக் கணினிகளில் பொருந்திவிடும்.

நாம் கேட்க மறப்பது எழுதும் முறையை. வன்தட்டில் செய்திகள் காந்தத் தடங்களாகப் பதிகின்றன. சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியே அமையும். எஸ்எம்ஆர் வகையிலோ, அத்தாப்புக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். கூரையின் நடுவே ஓர் அத்தாப்பை மாற்ற வேண்டின், மேலுள்ளவற்றையும் பிரித்தல்லவா வேய வேண்டும்! அவ்வாறே ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத நேரும். ஆதலின் இடைவிடாது எழுதும்போது வேகம் மிகக் குன்றும். விழாப் படங்களைச் சேமித்து வைக்க அது போதும். விண்டோஸ் இயங்குவதற்கு ஏற்றதன்று. அதற்கு எஸ்எஸ்டியே சிறந்தது.

உற்பத்தியாளர் சிலர் இவ்வகையைக் குறிப்பிடாமலே விற்றமை 2020-இல் வெளிப்பட்டது. அதன்பின் பட்டியல் வெளியிட்டனர். மாதிரி எண்ணை அதனோடு ஒப்பிட்டே நாங்கள் வாங்கினோம்.

பத்தாண்டுப் பதிவேடு மீண்டது. மீளாத ஓராண்டைத் தாளேட்டைப் பார்த்து எழுதிவருகிறோம்.