உஷார்! அந்தக் கருகல் வாடை உங்கள் நுரையீரலுக்குள் போகிறது

ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் நர்ஸ்களே, டெக்னீஷியன்களே, உதவியாளர்களே, ஒரு நிமிஷம் கேளுங்கள்! காட்டரி பட்டதும் தசை கருகி, லைட்டுக்கு அடியில் மெல்லிசாய்ப் புகை சுருண்டு எழுகிறதே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். "முதல் மாசம் குமட்டும், அப்புறம் பழகிடும்" என்று சீனியர் சொல்லியிருப்பார். பழகியது மூக்கு மட்டும்தான் அம்மா. நுரையீரல் பழகாது!

நார்வேயில் 44 வயது சர்ஜன் ஒருவர். நோயாளிகளின் பிறப்புறுப்பு மருக்களை லேசரால் எரித்து வந்தவர். ஒருநாள் அவருடைய குரல்வளையிலேயே மரு! சோதித்துப் பார்த்தால், அந்த மருக்களை உண்டாக்கும் அதே ஹெச்.பி.வி. 6, 11 வகை வைரஸ். லேசர் புகை வழியாகத் தொற்றியிருக்கலாம் என்று 1991-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஜெர்மனியில் மகளிர் நோய் தியேட்டரில் உதவிக்கு நின்ற நர்ஸுக்கும் இதே கதி. லேசரைக் கையில் பிடித்தவர்கூட இல்லை அவர். பக்கத்தில் நின்றவர்! தொழிலால் வந்த நோய் என்றே அங்கே ஏற்றுக்கொண்டார்கள்.

"மாஸ்க் போட்டிருக்கேனே?" அங்கேதான் ஏமாறுகிறோம். உங்கள் எச்சில் காயத்தில் தெறிக்காமல் இருக்கத்தான் அந்த மாஸ்க். காட்டரி புகைத் துகள் சராசரியாக 0.07 மைக்ரான், அவ்வளவு பொடியை அது தடுக்காது. மூச்சு விடும்போது கண்ணாடி மங்குகிறதா? அந்த இடைவெளிதான் புகை நுழையும் வாசல். புகையில் பெரும்பங்கு நீராவிதான். மிச்சத்தில்தான் விஷம்: பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு. பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரவழைக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, வயிறு கலங்கித்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்: கேஸ் முடிந்ததும் தலைவலி, கண் எரிச்சல். டியூட்டி நாளில் இருமல், லீவு நாளில் காணோம். ஆஸ்துமா இருப்பவருக்கு இழுப்பு கூடுவது. முக்கியமாக, வாரக்கணக்கில் தொண்டைக் கம்மல்! சளி என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பமாக இருக்கிறீர்களா? இன்றே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

புகையை உறிஞ்ச ஸ்மோக் இவாக்குவேட்டர் என்றே தனி மெஷின் இருக்கிறது. சுவர் சக்ஷன் ரத்தத்தையும் நீரையும் இழுக்க வந்தது. இவ்வளவு புகைக்கு அதன் இழுவை போதாது. மெஷின் இருந்தும் குழாயை ஓர் அடி தள்ளி வைத்தால் வீண். புகை கிளம்பும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் அதன் வாய் இருக்க வேண்டும். லேப்ராஸ்கோபி முடிந்ததும் வயிற்றிலிருக்கும் வாயுவை அப்படியே அறைக்குள் திறந்துவிடவே கூடாது. ஃபில்டர் வழியாக வெளியேற்றச் சொல்லுங்கள். என்95 கூடுதல் காவல், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2019 முதல் இந்தப் புகையை வெளியேற்றுவது சட்டக் கட்டாயம். நாளைக்கு முதல் கேஸுக்கு டிராலி அடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "புகை இழுக்கிற மெஷின் எங்கே? ஃபில்டர் எப்போ மாத்தினீங்க?"