ஜென்டில்மேன் யார்?

“அவர் பர்பெக்ட் ஜென்டில்மேன், ஸார்!” - இந்தப் பாராட்டைக் கேளாத காது தமிழ்நாட்டில் உண்டா? உரக்கப் பேசாதவர், பெண்மணிகளுக்கு எழுந்து இடங்கொடுப்பவர், இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தருபவர் (இந்த இனத்தார் வெகு அபூர்வம்!) ஆகியோருக்கு நாம் மனமுவந்து சூட்டும் பட்டம் இது.

ஆனால், இச்சொல் ஆதியில் நடத்தையைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. அதன் லத்தீன் மூலம் குலத்தைக் குறிப்பது. இங்கிலாந்திலும், கையால் வேலை செய்யாமல் நிலபுலன்களின் வருமானத்தில் வாழ்ந்தவனே ஜென்டில்மேன். குடித்தாலும் கடன்பட்டாலும் பட்டம் பறிபோகாது.

கிரிக்கெட் மைதானத்தில் இந்தக் கூத்து வெட்டவெளிச்சமாயிற்று. ‘ஜென்டில்மென்’ கட்சிக்கும் ‘பிளேயர்ஸ்’ கட்சிக்கும் முதல் பந்தயம் 1806-லும், கடைசிப் பந்தயம் 1962-லும் நடந்தன. கூலி வாங்காமல் ஆடுகிறவர் ஜென்டில்மேன். ஆட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர் வெறும் பிளேயர். உடை மாற்றும் அறை வேறு. மைதானத்துக்குள் வரும் வாசலும் வேறு! அச்சிட்ட ஆட்டக்காரர் பட்டியலில் ஜென்டில்மேனுக்குத் தலைப்பெழுத்துப் பெயருக்கு முன்னால், மற்றவருக்குப் பின்னால். டிட்மஸ் என்ற இளம் ஆட்டக்காரரின் தலைப்பெழுத்துக்கள் தவறி முன்னால் விழுந்துவிட, லார்ட்ஸ் மைதானத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்து அந்தப் பிழையைத் திருத்தினார்கள். இத்தனைக்கும் ஜென்டில்மென் கட்சியின் பெருந்தூணாக விளங்கிய டாக்டர் கிரேஸ், கூலிக்கு ஆடியவர்களைக் காட்டிலும் அதிகப் பணம் ஆட்டத்தினால் ஈட்டியவர்! 1962-ஆம் வருஷக் கடைசியில்தான் இந்தப் பந்திவஞ்சனையை ஒழிக்கத் தீர்மானித்தார்கள்.

நம்மவர்கள் மேடைகளில் இச்சொல்லைக் ‘கனவான்’ என்று மொழிபெயர்த்தார்கள். கனம் குணத்திலா, பணப்பையிலா என்று யாரும் விசாரிக்கவில்லை. திருக்குறளின் 100-வது அதிகாரமாகிய ‘பண்புடைமை’, யாரும் எளிதில் அணுகும்படி இருப்பதிலிருந்து தொடங்குகிறது. அடுத்த குறளிலேயே குடிப்பிறப்பும் வந்து சேர்ந்துகொள்கிறது என்பது வேறு விஷயம்.

பழைய வாசனை இன்னும் போகவில்லை என்பதற்கு நம் வாய்ச்சொல்லே சாட்சி. இஸ்திரிச் சட்டையும் இங்கிலீஷுமாக ஒருவர் நமக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், “ஜென்டில்மேன்!” என்று மெச்சுகிறோம். கொட்டும் மழையில் கீழே இறங்கி, கிழவியின் கூடையைத் தூக்கி உள்ளே வைத்து, அவள் படியேறி உட்காரும்வரை விஸில் ஊதாமல் காத்திருக்கிறாரே பஸ் கண்டக்டர், அவரை? “பாவம், நல்ல மனுஷன்” என்கிறோம்.