ஆப்பிரிக்க மகோகனி – ஒரு மரமும் அதன் குணமும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்)

மரங்களில் உயர்ந்தது எது என்று நம் பக்கம் யாரைக் கேட்டாலும் ‘தேக்கு’ என்றுதான் பதில் வரும். அதே கேள்வியை வெளிநாட்டில் ஒரு கிடார் செய்பவரிடம் கேட்டால், ‘மகோகனி’ என்று சொல்ல நிறையவே வாய்ப்பு உண்டு. முதலாம் ஆண்டு கார்ப்பென்டரி ஷாப்பில் டவ்டெயில் ஜாயின்ட் போட்டதோடு மரத்துக்கும் நமக்கும் உறவு முடிந்துவிட்டது என்று நினைக்கும் நண்பர்களே, இந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். இரும்புக்கு மெட்டலர்ஜி இருப்பது போல மரத்துக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது.

வேம்பின் சொந்தக்காரன்

மகோகனி என்ற பெயரில் பல மரங்கள் விற்கப்படுகின்றன. முதலில் புகழ் பெற்றவை மேற்கிந்தியத் தீவுகளிலும், மத்திய, தென் அமெரிக்காவிலும் வளரும் ‘ஸ்வீட்டேனியா’ மரங்கள். ஆப்பிரிக்க மகோகனி அதுவல்ல. இதன் தாவரப் பெயர் ‘காயா’. இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் யார் தெரியுமா? நம்ம வீட்டு வாசல் வேப்பமரம்தான்!

காயாவில் பல இனங்கள் உண்டு. ஐவரி கோஸ்ட், கானா, நைஜீரியா, காமரூன் நாடுகளின் மழைக்காடுகளில் 40 மீட்டர் உயரத்துக்கும் மேல் வளர்வது ‘காயா ஐவோரென்சிஸ்’. மாலி, செனகல் போன்ற வறண்ட பகுதிகளில் வளர்வது ‘காயா செனகலென்சிஸ்’. இது கனமும் கடினமும் அதிகம். முதலாவது லேசானது. ஒரு கன அடி காய்ந்த தேக்கு சுமார் 18 கிலோ என்றால், ஐவோரென்சிஸ் சுமார் 15 கிலோதான் இருக்கும். அறுத்தவுடன் இளஞ்சிவப்பாக இருக்கும் பலகை, வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாக மாறும்.

நார் ஓட்டம்தான் விஷயமே

இந்த மரத்தின் முக்கியமான குணம் அதன் நார் ஓட்டத்தில் இருக்கிறது. மரம் வளரும்போது அதன் நார்கள் நேராக மேலே போவதில்லை. சில காலம் வலப்பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறும், பிறகு இடப்பக்கம் சாய்ந்து ஏறும், மறுபடியும் வலம். இப்படி அடுக்கு அடுக்காகத் திசை மாறுவதை ‘இன்டர்லாக்ட் கிரெய்ன்’ என்கிறார்கள். தென்னை மரத்துப் பன்னாடையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு அடுக்கு நார் ஒரு பக்கம் போகும். அடுத்த அடுக்கு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மகோகனியில் சாய்வு அவ்வளவு இருக்காது, ஆனால் விஷயம் அதேதான்.

இதனால் ஒரு அழகு, ஒரு பலம், ஒரு தொல்லை.

அழகு: தடியின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் அறுத்த பலகையில், திசை மாறிய அடுக்குகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒன்றில் வெளிச்சம் பட்டு மின்னும். அடுத்தது இருட்டாகத் தெரியும். பட்டுச்சேலையைத் திருப்பிப் பார்ப்பது போல, பலகையைத் திருப்பினால் மின்னுகிற பட்டை இருட்டாகும், இருட்டு மின்னும்.

பலம்: இந்த மரம் லேசில் பிளக்காது. மாலி, கினி நாடுகளில் ‘ஜெம்பே’ என்ற கை முரசு செய்கிறார்கள். நம்ம ஊரில் தவிலுக்குப் பலாக்கட்டையைக் குடைவது போல, ஒரே தடியைக் குடைந்து, ஆட்டுத்தோலைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு உதவும் மரங்களில் செனகலென்சிஸும் ஒன்று; மாலியில் அதை ‘ஜலா’ என்பார்கள். அத்தனை இழுவையையும் அடியையும் தாங்க, ஒன்றையொன்று கட்டிப்பிடித்த நார்கள் ரொம்பவே உதவும்.

தொல்லை: இழைப்புளி போடும்போது தெரியும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பாதி அடுக்கு நாரோடு போகும், பாதி அடுக்கு எதிர் நாராக நிற்கும். எதிர் நாரில் இழைப்புளி இரும்பு வெட்டுவதற்கு முன்பே நார் பிய்ந்து வந்துவிடும். பலகையில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும்.

எப்படிச் சமாளிப்பது?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா தச்சு வேலை செய்பவர். இன்டர்லாக்ட் கிரெய்ன் என்ற வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. ஆனால் பலகையின் ஓரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது ரெண்டு பக்கமும் இழுக்கும்டா, இரும்பைக் கொஞ்சமா நீட்டு” என்பார். அவர் கையில் இருப்பதற்குக் காரணம் சொல்லத்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஆகவே முறையோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. இரும்பு நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். இழைப்புச் சுருள் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக வர வேண்டும். மெல்லிய சுருளுக்கு நாரைப் பிய்த்து எடுக்கும் வலு கிடையாது.

2. நம் ஷாப்பில் உள்ள ஜேக் பிளேனில் இரும்பின் மேல் ‘கேப் அயர்ன்’ இருக்கிறதே, அதை வெட்டும் முனைக்கு மிக அருகில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வைக்க வேண்டும். சுருள் எழுந்தவுடன் அதை மடக்கி ஒடித்துவிடும். நீளமாகப் பிளந்துகொண்டு ஓட விடாது.

3. கடைசியாக ஸ்கிரேப்பர் தகட்டால் சுரண்டி, பிறகு உப்புத்தாள் போட வேண்டும். ஸ்கிரேப்பருக்கு நாரும் எதிர் நாரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

4. இந்த மரத்தின் துளைகள் பெரியவை. கண்ணாடி மாதிரி பாலிஷ் வேண்டுமென்றால் முதலில் மக்கு பூசித் துளையை அடைக்க வேண்டும்.

5. தூள் சிலருக்குத் தும்மலையும் தோல் அரிப்பையும் தரும். மூக்கில் துணி கட்டிக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை!

இன்னொன்று: லேசான சில தடிகளில், வேரோடு நிற்கும்போதே நார் நசுங்கி ஒடிந்திருக்கும். அது பலகையின் குறுக்கே மயிரிழை போன்ற கோடாகத் தெரியும். அந்தப் பலகையை வலு தாங்கும் இடத்தில் போடவே கூடாது.

கிடாருக்கு ஏன் இந்த மரம்?

மரம் காயும்போது சுருங்கும். வளையத்தை ஒட்டிய திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் குறைவாகவும் சுருங்கும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் பலகை கோணும். ஐவோரென்சிஸில் முதல் சுருக்கம் ஏறக்குறைய 6 சதவீதம், இரண்டாவது 4 சதவீதம். அதாவது 300 மில்லிமீட்டர் அகலப் பச்சைப் பலகை முற்றிலும் காய்ந்தால், அறுத்த திசையைப் பொறுத்து 18 மில்லிமீட்டரோ 12 மில்லிமீட்டரோ குறையும். விகிதம் சுமார் ஒன்றரைதான். தேக்கில் இது ஏறக்குறைய இரண்டு. தேக்கு மொத்தத்தில் குறைவாகச் சுருங்கும் என்பது வேறு விஷயம்.

இரும்புத் தந்தி போட்ட கிடாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். அந்த இழுவையை நாள் முழுக்க வாங்கிக்கொண்டு கழுத்துப் பகுதி கோணாமல் நிற்க வேண்டும். கையில் கனமாகவும் இருக்கக் கூடாது. லேசான, அதிகம் கோணாத மகோகனி அதற்குப் பொருந்துகிறது. கிடாரின் பக்கச் சட்டத்துக்கு இதைச் சுமார் 2 மில்லிமீட்டராக இழைத்து, சூடான குழாயில் வைத்து வளைப்பார்கள். அங்கே நார் குறுக்கே ஓடும் இடத்தில் ஒடியும் அபாயம் உண்டு. ஆகவே வளைப்பதற்கு நார் நேராக ஓடும் பலகையைத் தேடி எடுப்பார்கள். பட்டை மின்னும் பலகையைப் பின்புறத்துக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரே மரம், ஆனால் எந்தத் துண்டு எதற்கு என்று தெரிய வேண்டும்.

மாற்றுக்கும் மாற்று எது?

1952-ல் வெளிவந்த கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிடாரின் உடல் அமெரிக்க மகோகனியால் ஆனது. அந்த மரத்தை வெட்டி வெட்டி அரிதாக்கிவிட்டார்கள். ‘சைட்ஸ்’ என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் மேற்கிந்தியத் தீவு மகோகனி 1992-லும், பெரிய இலை மகோகனி 2003-லும் வந்தன. உடனே பலரும் ஆப்பிரிக்க மகோகனி பக்கம் திரும்பினார்கள். 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த கூட்டத்தில் ஆப்பிரிக்கக் காயாவும் அதே பட்டியலில் சேர்ந்தது. 2023 பிப்ரவரி முதல் அதன் தடியோ பலகையோ அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்ட முடியாது.

“தோட்டம் போட்டு வளர்க்க வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு சிறு பூச்சி குறுக்கே நிற்கிறது. ‘ஹிப்சிபைலா ரோபஸ்டா’ என்ற அந்துப்பூச்சியின் புழு, இளங்கன்றின் நுனிக்குருத்தைத் துளைத்துவிடும். நுனி செத்தால் பக்கக் கிளைகள் கிளம்பி, கன்று புதராகும். நேரான அடிமரம் கிடைக்காது. இந்தியாவில் தூன் மரத்தைக் கெடுப்பதும் இதே பூச்சிதான். கானாவில் குமாசி நகருக்கு அருகே உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில், பூச்சியைத் தாங்கும் கன்றுகளைத் தேர்ந்தெடுப்பது, மற்ற மரங்களோடு கலந்து நடுவது என்று ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

ஆகவே நண்பர்களே, ஒரு மரம் தீர்ந்தால் இன்னொரு மரம் என்று போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் பட்டியலே தீர்ந்துவிடும். நம் தாத்தா காலத்திலிருந்து நின்ற மரத்தை அரை மணி நேரத்தில் அறுத்துவிடலாம். நார் ஓட்டம் தெரியாமல் இழைத்தால் அந்தப் பலகையை அஞ்சு நிமிஷத்தில் பாழாக்கியும் விடலாம். மிச்சமிருக்கிற மரத்தைக் காப்பாற்றுவது சட்டத்தின் வேலை மட்டுமல்ல, இழைப்புளி பிடிக்கிற கையின் வேலையும்தான். நாளை எந்த ஷாப்பில் வேலைக்கு நின்றாலும், பொருளின் குணம் தெரிந்த பிறகே அதன் மேல் ஆயுதத்தை வைப்போம். இரும்போ மரமோ, எதற்கும் அது பொருந்தும்!