தீபாவளியும் குழந்தைகளின் படப் புத்தகமும்

நமது நண்பர் ஒருவர் வீட்டில் தீபாவளியன்று நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றை நேயர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம். விடியற்காலை நான்கு மணிக்குப் பாட்டியார் காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து, ஆறு வயதுப் பேத்தியைத் தட்டி எழுப்பினார். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே, "பாட்டி, தீபாவளி ராத்திரியில்தான் வரும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. உனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போர்வைக்குள் புகுந்துகொண்டாளாம். நண்பர் இதை ஒரு வேடிக்கையாகவே சொன்னார். நமக்கோ அது முழு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அந்தப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தோம். இங்கிலீஷ் பாஷையில், உயர்ந்த காகிதத்தில், அழகான வர்ணப் படங்களுடன் அச்சிட்டது. ஸ்ரீராமன் அயோத்திக்குத் திரும்புகிறான். ஜனங்கள் வரிசை வரிசையாக அகல் விளக்கேற்றுகிறார்கள். இக்காலத்துக் குடும்பம் ஒன்று இரவில் லக்ஷ்மி பூஜை செய்து இனிப்பு வழங்குகிறது. இவற்றில் பொய் ஒன்றுமில்லை. வட இந்தியாவில் கோடிக்கணக்கானோர் அப்படித்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பாட்டி அறிந்த தீபாவளி நரக சதுர்த்தசி. கண்ணன் சத்தியபாமையுடன் சென்று நரகாசுரனை வதைத்த கதை அது. பொழுது விடியுமுன் எண்ணெய் ஸ்நானம், மஞ்சள் தடவிய புதுத்துணி, ஒரு உருண்டை லேகியம், பிறகுதான் பலகாரம். வரிசையாக விளக்கேற்றுவது நமக்குக் கார்த்திகைத் தீபத்தன்று. ஆகவே அந்தப் புத்தகம் குழந்தைக்குப் பிறர் வீட்டுப் பண்டிகையைக் கற்றுக்கொடுத்ததோடு நில்லாமல், தன் வீட்டுப் பண்டிகை பிசகு என்றும் கற்றுக்கொடுத்துவிட்டது. பிரதிவாதியை அழைக்காமலே வழங்கிய ஒருதலைத் தீர்ப்பு என்று நாம் வக்கீல் பாஷையில் சொன்னால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

உண்மையில் தீபாவளி என்னும் ஒரே பெயரின் கீழ் எத்தனை பண்டிகைகள் அடங்கியுள்ளன! அதே அமாவாசை இரவில் வங்காளத்தார் காளி பூஜை செய்கின்றனர். குஜராத்தி வியாபாரிகள் புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜையிட்டு, மறுநாள் வருஷப் பிறப்புக் கொண்டாடுகின்றனர். ஜைனர்களுக்கு அது மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணமடைந்த தினம். சீக்கியர்களோ குரு ஹர்கோவிந்தர் குவாலியர்க் கோட்டைச் சிறையினின்றும் விடுதலையானதை நினைத்து அமிருதசரஸ் பொற்கோயிலில் தீபமேற்றுகின்றனர். இத்தனையையும் ஒரே குடும்பப் படத்தில் அடைத்துவிட்டு, "இதுவே இந்தியர்களின் தீபாவளி" என்று தலைப்பிடுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இவ்விதம் நேர்வதற்குப் பிரசுரகர்த்தர்களின் துவேஷம் காரணமன்று. பெரும்பாலும் பணமே காரணம். வர்ணப் படங்களை அச்சிடுவது செலவு மிகுந்த காரியம். ஆகவே ஒரே படங்களைப் பல பாஷைகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, எழுத்துக்குரிய கறுப்பு மைத் தகட்டை மட்டும் மாற்றி மாற்றி அச்சிடுகிறார்கள். இந்த உபாயம் இல்லாவிடில் தமிழிலும் கன்னடத்திலும் நல்ல படப் புத்தகம் கைக்கெட்டும் விலைக்குக் கிடைப்பதே அரிது. ஆனால் ஒரே படம் ஒன்பது பாஷைகளுக்கு உதவ வேண்டுமானால், அதில் வரும் வீடு எந்த ஊர் வீடாகவும் இல்லாமற் போகும் அபாயமும் உண்டு. வாசற்படியில் கோலமா, ரங்கோலியா, அல்பனாவா என்று கேட்டால் சித்திரக்காரர் பொதுவாக ஒரு பூவை வரைந்து வைத்துவிடுகிறார்.

நமது தேசத்தில் இத்துறையில் யாரும் உழைக்கவில்லை என்று சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகும். ரவீந்திரநாத தாகூர் 1930-ல் வெளியிட்ட 'சஹஜ் பாட்' என்னும் வங்காள அரிச்சுவடிக்கு நந்தலால் போஸ் படம் வரைந்தார். ஐந்து வயதுக் குழந்தைக்கும் தேசத்தின் தலைசிறந்த சித்திரக்காரரே வரைய வேண்டும் என்று கருதிய காலம் அது. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'அம்புலிமாமா' எத்தனை தலைமுறைக்குச் சித்திரக் கதைகளை ஊட்டிற்று என்பதை நம்மில் பலர் அறிவர். இன்று அது நின்றுபோயிற்று. 1957-ல் சித்திரக்காரர் சங்கர் டில்லியில் குழந்தைகள் புத்தக டிரஸ்டை ஸ்தாபித்தார். அதே வருஷத்தில் நேஷனல் புக் டிரஸ்டும் தோன்றிற்று. சென்னையில் 1994-ல் தாரா புக்ஸும், 1996-ல் தூலிகாவும் ஏற்பட்டன. முன்னது கோண்டு ஓவியர்களையும் வங்காளப் படச்சுருள் ஓவியர்களையும் புத்தகத்துக்குள் அழைத்து வந்தது. பின்னது தமிழ் உட்படப் பல பாஷைகளில் சிறு குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறது. 2004-ல் தொடங்கிய பெங்களூர்ப் பிரதம் புக்ஸ், 2015 முதல் கதைகளை இணையத்தில் இலவசமாக வைத்து, எவரும் மொழிபெயர்க்கலாம் என்று அனுமதியும் கொடுத்திருக்கிறது. முயற்சிகள் இருக்கின்றன; வாங்குவோரும் வாசித்துக் காட்டுவோருமே குறைவு. பொதுக்கூட்டத்தில் தாய்மொழிக்காக ஒரு மணி நேரம் முழங்கும் நம் அன்பர்களில் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் தமிழ்ப் படப் புத்தகம் ஒன்றேனும் இருக்கிறது என்று பரிசோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நம்முடைய அலமாரியையும் சேர்த்தே சொல்கிறோம்.

நிற்க. பண்டிகைப் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய மாதிரி உண்டு. அதுதான் நவராத்திரிக் கொலு. எல்லா வீடுகளிலும் கொலு வைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். எனினும் அதன் அமைப்பைக் கவனியுங்கள். மேற்படிகளில் தெய்வங்கள். கீழே இறங்க இறங்க மளிகைக்கடைச் செட்டியாரும் மனைவியும், கல்யாண ஊர்வலம், பாம்பாட்டி, கிராமத்துக் கிணறு, ஏன், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்கூட. படியருகில் ஒரு பாட்டியார் உட்கார்ந்து, குழந்தை எந்தப் பொம்மையைச் சுட்டுகிறதோ அதன் கதையைச் சொல்லுவார். சாமியும் சந்தையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இன்று அச்சாகும் பல பண்டிகைப் புத்தகங்களில் சாமி உண்டு, பலகாரம் உண்டு, சந்தையைத்தான் காணோம்.

பொங்கலை எடுத்துக்கொள்வோம். புதுப்பானை வனைந்த குயவரும், நெல்லறுத்த கூலிப்பெண்ணும், கரும்பு வெட்டியவரும், குளத்தில் குளித்து நிற்கும் மாடும் இல்லாமல் பொங்கலைப் படமாக எழுதினால் அங்கே என்ன மிஞ்சும்? பட்டாசும் அப்படியே. சிவகாசியில் குழந்தைகளை வேலைக்கு வைத்ததைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்க நேர்ந்தது என்பது நம் அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். மத்தாப்பூப் பிடிக்கும் குழந்தைக்கு அந்த வழக்கைச் சொல்ல வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆனால் மருந்து இடிக்கும் கைகள் என்று சில கைகள் உண்டு என்பதைப் படத்தில் காட்டினால் பண்டிகையின் களிப்பு குறைந்துவிடாது. குழந்தைகள் அவ்வளவு மென்மையான மனதுடையவர்கள் என்று எண்ணுவது பெரியோர்களின் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட கற்பனை.

அண்டை வீட்டாரின் பண்டிகையும் அப்புத்தகத்தில் இடம்பெற வேண்டும். அதற்காகத் தேசம் முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. நாகப்பட்டினக் கரையோரம் போதும். சிக்கலில் சிங்காரவேலர் சூரசம்ஹாரத்துக்கு முன் அன்னையிடம் வேல் வாங்குகிறார். நாகூர்க் கந்தூரியில் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்படுகிறது. அதைக் காண எல்லா மதத்தாரும் கூடுகின்றனர். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ல் கொடியேறிச் செப்டம்பர் 8-ல் பெருவிழா. காவி உடுத்துக் கால்நடையாக வருவோர் ஏராளம். சில மைல் தூரத்துக்குள் மூன்று சந்நிதிகள், மூன்று ஊர்வலங்கள், ஒரே கடற்காற்று. இந்தக் கரையை ஒரு நல்ல சித்திரக்காரர் இருபத்துநான்கு பக்கத்தில் எழுதினால் குழந்தைகள் விடமாட்டார்கள். "பிற மதங்களை மதிக்க வேண்டும்" என்று பாட புத்தகத்தில் அச்சிடும் வாக்கியத்தை அவர்கள் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கடற்கரைக் கொடிமரத்தை மறப்பதில்லை.

இங்கிலீஷ்ப் புத்தகத்தை வீட்டினின்றும் விலக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் நண்பரிடம் கூறியதும் அதுவே. அந்தப் புத்தகத்தின் கடைசியில் வெள்ளைத்தாள் நான்கு ஒட்டி, பாட்டியாரைக் கதை சொல்லச் செய்து, குழந்தையையே படம் போடச் சொல்லும்படி யோசனை கூறினோம். இப்போது அந்தப் புத்தகத்தில் அயோத்திக்குப் பின்னே நரகாசுரன் இருக்கிறான். அவனுக்கு மீசை மூன்று வர்ணத்தில். வெந்நீர்த் தவலையும் எண்ணெய்க் கிண்ணமும் இருக்கின்றன. பலகையில் தூங்கி விழும் குழந்தையின் தலையில் பாட்டியார் எண்ணெய் வைக்கிறார். தம்முடைய மூக்குத்தியை வரைய மறந்துவிட்டாளென்று பாட்டியார் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறாராம். அந்த வழக்கு இன்னும் விசாரணையில் இருப்பதாகக் கேள்வி.